குவாட்ரபோலை ‘லென்ஸ்’னு சொன்னா போதுமா?

துகள் முடுக்கிகள் பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் விளக்கம் இது: இருமுனைக் காந்தம் துகள் கற்றையை வளைக்கும், நால்முனைக் காந்தம், அதாவது குவாட்ரபோல், லென்ஸ் மாதிரி அதைக் குவிக்கும். அவ்வளவுதான், அடுத்த பத்திக்குப் போயிடுவாங்க. முதல் பாதியில் எனக்குப் புகார் இல்லை. இரண்டாவது பாதிதான் உறுத்துது.

கண்ணாடிக் குவிலென்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி குவிக்கும். குவாட்ரபோல் அப்படியில்லை. இரண்டு வட முனை, இரண்டு தென் முனை, மாறி மாறி நிற்கும். நட்டநடுவில் புலம் சுழி. விலக விலக அதே விகிதத்தில் கூடும். இது கற்றையை இடவலமாகக் குவித்தால், மேல்கீழாக அதே அளவு விரிக்கும். செய்நேர்த்தியில் குறை இல்லை. மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வேறு வழி விடுவதில்லை.

அப்போ கற்றை எப்படிச் சிதறாம ஓடுது? இந்தக் கேள்வியைத்தான் ‘லென்ஸ்’ என்ற ஒரே சொல் அமுக்கிடுது.

விடை: அடுத்த காந்தத்தை 90 டிகிரி திருப்பி வைப்பது. ஒன்று குவிக்கும், அடுத்தது விரிக்கும். ரெண்டும் கழிஞ்சு பூஜ்யம் ஆயிடாதா? ஆகாது. குவிக்கும் காந்தத்தைத் தாண்டிய துகள் நடுக்கோட்டை நெருங்கியிருக்கும். அங்கே புலம் குறைவு, விரிக்கும் தள்ளலும் குறைவு. விரிப்பது முதலில் வந்தால், விலகிப்போன துகள் அடுத்ததில் பலமான இழுப்பை வாங்கும். இடைவெளி அளவோடு இருக்கும்வரை, எந்த வரிசையிலும் மிஞ்சுவது குவிப்புதான்.

இந்த யோசனைக்கு 1950-இல் காப்புரிமை கேட்டவர் நிக்கோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ், ஏதென்ஸில் மின்தூக்கித் துறையில் இருந்த பொறியாளர். 1952-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் தனியாக இதையே கண்டடைந்தார்கள். இன்று செர்னின் எல்எச்சி வளையத்தில் 392 முதன்மைக் குவாட்ரபோல்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

மின்புல குவாட்ரபோலுக்கும் அதே கட்டுப்பாடுதான். அங்கே வோல்ஃப்காங் பால் காந்தத்தைத் திருப்புவதற்குப் பதிலா, மின்னழுத்தத்தின் குறியை நேரத்தோடு மாற்றி மாற்றி அயனிகளை அடைத்து வைத்தார். 1989-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பல கிலோமீட்டர் முடுக்கியும் மேசை மேல் இருக்கும் நிறைநிரல்மானியும் உறவுக்காரங்க என்பது ‘லென்ஸ்’ உவமையோடு நின்னுட்டா தெரியவே தெரியாது.

உவமை வேண்டாம்னு சொல்லல. “ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் விரிக்கிற லென்ஸ், அதனால ஜோடியாத்தான் வேலை செய்யும்.” ஒரு வரி கூடுதலா எழுதினா போதும். வாசகர் மீதியை அவரே கேட்டுக்குவார்.