ஒரே சக்கரம், இரண்டு அரசுகள்

இந்தியா 1950 ஜனவரி 26 அன்று ஏற்ற அரச இலச்சினை, சாரநாத்தில் அசோகன் நிறுத்திய தூணின் சிங்கத் தலைப்பு. இலங்கை 1972இல் ஏற்ற இலச்சினையில் வாளேந்திய சிங்கம் நடுவில், தர்மச்சக்கரம் உச்சியில். இரண்டிலும் உள்ள சக்கரம் பௌத்த மரபிலிருந்து வந்ததுதான். ஆனால் டில்லியில் அந்தச் சக்கரத்தைப் பார்த்து, இது எந்த மதத்தின் அரசு என்று யாரும் அநேகமாகக் கேட்பதில்லை, கொழும்பில் கேட்கிறார்கள். அதற்கான காரணத்தைச் சிற்பத்தில் தேடிப் பயனில்லை. அந்தச் சின்னத்தை இன்று தம்முடையது என்று உரிமை கொண்டாடுவோர் யார், அவர்கள் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பௌத்தர் 0.7 சதவீதம். ராஷ்டிரபதி பவனின் தர்பார் மண்டபத்தில் குப்தர் காலப் புத்தர் சிலை இருப்பதை வைத்து எந்தப் பெரும்பான்மையும் மார்தட்ட முடியாது. இலங்கையிலோ பௌத்தர் சுமார் 70 சதவீதம். இலச்சினை வந்த அதே 1972இல்தான் அரசியலமைப்பும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. அங்கே சக்கரம் அந்தச் சட்டப் பிரிவின் முத்திரையாகவே படிக்கப்படுகிறது.

நினைவுச் சின்னங்களிலும் இதே கதைதான். கொழும்புச் சுதந்திர மண்டபம், 1815இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான மகுல் மடுவ மண்டபத்தின் சாயலில் எழுந்தது. கடைசியாக வீழ்ந்த அரசு கண்டி. அதன் கடைசி மன்னன் நாயக்கர் வழிவந்தவன். எல்லோருக்கும் பொதுவான பொருளை அந்த மண்டபத்துக்குத் தர இடம் இருந்தது. அரசு போன வழி வேறு: 2019இல் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்ற இடம், தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாய தூபி. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்க இலங்கைக் கொடியில் செம்மஞ்சளும் பச்சையும் சேர்த்தார்களே என்பார்கள். சேர்த்தார்கள்தான், ஆனால் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே. அதனால்தான் கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் உடன்பட மறுத்தார்.

இந்தியா மட்டும் நடுநிலையா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. 2023இல் திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் சபாநாயகர் இருக்கையருகே வந்தபோது தமிழர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் அது உயிரோடிருக்கும் ஒரு மரபின் பொருள். சக்கரத்துக்குக் கிடைத்த தூரம் அதற்குக் கிடையாது. மறு ஆண்டே சமாஜ்வாதி உறுப்பினர் ஒருவர், அதை எடுத்துவிட்டு அரசியலமைப்புப் பிரதியை வைக்கக் கேட்டார். அதே கட்டடத்தின் உச்சியில் 2022இல் ஏறிய சிங்கங்களைப் பற்றியும் எதிர்க்கட்சிகள் சண்டையிட்டன. ஆனால் அங்கே புகார், அவை சீறுகின்றன, சாரநாத்தின் சாந்தம் இல்லை என்பதுதான்.