வாப்பாவின் வாப்பாவுக்கு அப்பால்

கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டியில் ஒருவரிடம் "உங்கட ஆக்கள் எங்க இருந்து வந்த ஆக்கள்?" என்று கேட்டால் விடைக்குத் தாமதமே இராது. வாப்பா பெயர் வரும், வாப்பாவின் வாப்பா பெயர் வரும், அதற்கு மேலே ஒரு பட்டப்பெயர் வரும். பிறகு கதை தோணி ஏறி, கீழக்கரைக்கோ காயல்பட்டினத்துக்கோ நேராக அரபு நாட்டுக்கோ போய்விடும். நடுவில் விழுந்துபோன ஆறேழு தலைமுறையை யாரும் தேடுவதில்லை. வம்சாவளி தேடித் தருகிறவருக்கு வேலை அந்த நடுவில்தான்.

இது இந்தக் கரையின் குறை மட்டுமல்ல. போலந்தில் வேர் தேடும் ஓர் அமெரிக்கக் குடும்பமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழும். அந்த நாட்டை 1772இலும் 1795இலும் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும், 1793இல் ஆஸ்திரியா நீங்கலாக மற்ற இரண்டும் பங்கு போட்டன. ஆகவே ஒரே குடும்பத்தில் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு லத்தீனிலும் பேரனின் பதிவு போலிஷிலும் இருக்கலாம். வார்சாவைச் சுற்றிய பகுதியில் 1868இலிருந்து எல்லாம் ரஷ்ய மொழி. தேதிகூட இரண்டு நாட்காட்டியில், 12 நாள் வித்தியாசத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே நிபுணர் என்று பெயர் எடுப்பவர் முதலில் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கற்பிட்டிக் குடாநாட்டில் இந்த வேலைக்கு வருகிறவரும் அதே பாடத்தைப் படித்தாக வேண்டும். இங்கே போர்த்துக்கேயர் இருந்தார்கள். ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆள்பவர் மாறமாற, பெயர் எழுதும் கையும் மாறியது. ஒல்லாந்தர் உகர ஒலிக்கு 'ஓ', 'ஈ' என்னும் இரண்டு ரோம எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள். 'முத்து' என்று ஊரார் கூப்பிட்ட மனிதர் அவர்களுடைய ஏட்டில், ஆங்கிலம் மட்டும் படித்த கண்ணுக்கு, 'மோயெட்டோ' ஆகிக் கிடப்பார். அவரைத் தேடுகிறவர் பத்துத் தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தாண்டித்தான் போவார்.

பள்ளிவாசல் பக்கம் இன்னொரு எழுத்து, அறபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதலாகப் புள்ளியும் குறியும் இடுவார்கள். கடற்காற்றில் மை மங்கி ஒரு புள்ளி அழிந்தால் பெயரே வேறாகிவிடும். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். ஹிஜ்ரி ஆண்டோடு 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று நம்புகிறவர் உண்டு. ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். கூட்டிப் பார்த்தவருக்கோ 1922 வரும். சந்திர ஆண்டு 354 நாள்தானே. அந்தச் சின்னக் கணக்குப் பிழையில் ஒரு தலைமுறை முழுதாகத் தொலைகிறது. மகன் தந்தைக்கு மூத்தவராகிவிடுகிறார்.

இலங்கையில் இந்தத் துறையில் வழிகள் பல, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் இல்லை. மிகக் கண்டிப்பானது ஒல்லாந்தப் பறங்கியரின் வழி. 1902இல் அரசாங்கச் சுவடிக் காப்பாளரான ஆர். ஜி. அந்தோனிஸ், 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னின்றவர். சங்கத்தின் இதழில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகள் அச்சாயின. டி. வி. ஆல்ட்டண்டோர்ஃப் தொகுத்தவை மட்டுமே ஏராளம். அங்கே தந்தைவழிதான் கணக்கு: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வேலை பார்க்க வந்த ஐரோப்பியரிலிருந்து ஆண்வழி அறாமல் வர வேண்டும். தாய்மார் உள்ளூர்ப் பெண்களாக இருந்தாலும் மரத்தின் தண்டில் அவர்களுக்கு இடமில்லை. ஒழுங்கு பிரமாதம், நியாயம் அவ்வளவு இல்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் இது தலைகீழ். அங்கே 'குடி' என்னும் குலம் தாய்வழி வருவது. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்மாரும் குடிக் கணக்கில் தெரிவானார்கள். ஒல்லாந்தப் பறங்கியரின் படிவத்தைக் கொண்டுபோய் அந்த ஊரில் நிரப்பினால், ஊரார் முக்கியம் என்று நினைப்பதெல்லாம் ஓரத்துக் குறிப்பாகிவிடும். நல்ல தேடுநர் முதலில் படிவத்தை விட்டுவிட்டு, அந்த ஊரில் 'நம்ம ஆள்' என்றால் யார் என்று கேட்பார்.

ஒல்லாந்தர் கால நிலத் தோம்பும் தலைத் தோம்பும் பாடசாலைத் தோம்பும் என்னும் பதிவேடுகள் மூன்றாவது வழி. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் இவற்றில் கொழும்பு, காலிப் பகுதிக் கிராமங்களின் வீட்டுக் கணக்கே பெரிதும் கிடைக்கிறது. அதில் ஒரு வீட்டில் யார் யார், எந்தக் காணி, என்ன கடமை என்று வரிசையாக இருக்கும். தேடுகிறவருக்குச் சொர்க்கம்தான். ஆனால் வரிக்காக எழுதிய ஏடு. வரிக்குப் பயந்து விட்டுப்போன பெயர் அதில் வராது.

ஓலைவழி வேறு சுவை. சிங்கள ஓலைச்சுவடியான முக்கர ஹட்டன, புத்தளத்து முக்குவர் என்ற சமூகத்தாரோடு நடந்த போரையும் அதற்காகக் காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்த 7740 வீரரையும் சொல்கிறது. கரையோரக் குடும்பங்கள் பல அந்தத் தொகையில் தம் மூதாதையைக் காண்கின்றன. வடக்கில் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலைக்கும் அப்படியொரு மதிப்பு. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமரிசனத்தில் அதை உரசிப் பார்த்தார். பழைய நூல் என்பதற்காகவே நம்புவது அவருக்குச் சம்மதமில்லை.

இந்த மண்ணுக்கே உரிய முன்னோடி கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கைக் கசட்டியர், 1859இல் தமிழ் புளூட்டாக் என்று நூல்கள் வெளியிட்டார். ஊர், சாதி, வழக்கம், புலவர் என்று கேட்டறிந்ததையெல்லாம் ஓர் ஒழுங்கில் வைத்தவர். குடும்ப மரம் வரைவது அவர் நோக்கமல்ல. ஆனாலும் இன்று புத்தளம் மாவட்டத்தில் ஒரு பழைய ஊர்ப்பெயரைத் தேடுகிறவர் கசட்டியரைப் புரட்டாமல் தப்ப முடியாது.

அரபு நாட்டுக் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியிட்ட குறிப்பில், ஹாஷிம் வம்சத்தார் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து எட்டு இடங்களில் குடியேறியதாகச் சொன்னார். அவற்றில் குதிரைமலையும் புத்தளமும் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் தமிழ் இனத்தவரே என்று கட்டுரை வாசித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுத்து எழுதினார். சோனகருக்குச் சட்டசபையில் தனி ஆசனமா என்ற கேள்வியின் நிழல் விழுந்த வாதம் அது. சமூகத்துக்கு அது பெரிய விஷயம். தனி ஒரு வீட்டின் மரத்திலோ அது ஒரு கிளையையும் கூட்டவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காத தேடுநர், வந்தவர் ஆசைப்பட்ட பெயரை உச்சியில் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிவிடுவார்.

குறிஞ்சிப்பிட்டியில் உண்மையில் கைகொடுப்பவை சின்னச் சின்னக் காகிதங்கள். காவின் என்னும் திருமணப் பதிவு, பள்ளிவாசல் சந்தாக் கொப்பி, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். காணி உறுதிதான் இவற்றில் கெட்டிக்காரன். பங்கு பிரிக்கும்போது செத்தவர், பிறந்தவர், வேறு ஊருக்குக் கட்டிப்போன பெண் எல்லாரும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள். மையவாடி என்னும் அடக்கத்தலத்தில் அந்த உதவி குறைவு. தலைமாட்டில் நடும் பல மீசான் கல்லில் எழுத்தே இராது.

இந்தக் காகிதங்களும் கையில் இல்லாதவர்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது சில மணி நேரம். உறுதியும் காவின் பதிவும் எடுத்துவர நேரம் இருக்கவில்லை. இவர்களுக்கு வம்சாவளி ஒரு பொழுதுபோக்கு அல்ல. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, காணியைக் கேட்க, அடையாள அட்டை எடுக்கத் தேவையான காகிதம் அது. பதிவு இலக்கம் தெரியாமல் பிரதேச செயலகத்துக்குப் போய், பிறந்த ஊரின் பதிவேட்டைத் தேடச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்த படித்த பிள்ளைதான் இவர்கள் தங்கிய அகதி முகாம்களின் முதல் வம்சாவளி நிபுணர். கட்டணம் பெரும்பாலும் ஒரு பிளேன்டீ.