இ-வே பில்லில் 'திருத்து' பட்டன் எங்கே?

ஒரு மென்பொருளை எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பாக டைப் பண்ணினால் அது என்ன செய்கிறது? எல்லாம் சரியாக நடக்கும்போது எந்த மென்பொருளும் நல்ல பிள்ளைதான்.

அவிநாசிபாளையத்தில் கோவை–திருச்சி சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கின்றன. அந்த வழியாக வெளிமாநிலத்துக்குப் போகும் பனியன் லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. (அதே வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்கப் பார்த்து, முதல் நாளே சர்வர் படுத்துக்கொண்டது தனிக்கதை.) பில் போட்ட பிறகு வண்டி எண், டிரான்ஸ்போர்ட்டர் போன்ற சிலதை மாற்றலாம். சரக்கு விவரம், விலாசம் எதிலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து பண்ணிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். நடுவில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் கிடையாது.

திருத்த விட்டால் ஒரே பில்லில் நாலு லோடு அடிப்பார்கள் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் திருத்துவது வேறு, அழிப்பது வேறு. நம்ம ஊர் கணக்குப்பிள்ளை தப்பான தொகையை ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் இனிஷியல் போடுவார். பழையதும் தெரியும், மாற்றியது யார் என்றும் தெரியும். கம்ப்யூட்டரில் நேரத்தையும் சேர்த்தே பதியலாம்.

வேடிக்கை என்னவென்றால், எங்கே தடுக்குகிறது என்று துறைக்கே தெரியும். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64-ஆம் சுற்றறிக்கை ஆறு வகைச் சின்னத் தவறுகளை அடுக்குகிறது: பெயரில் எழுத்துப்பிழை, பின்கோடு, விலாசம், ஆவண எண்ணிலோ வண்டி எண்ணிலோ ஓரிரு இலக்கம், எச்.எஸ்.என். எண்ணின் பின்பாதி. இதற்கெல்லாம் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டாம், மத்திய வரியில் 500, மாநில வரியில் 500 அபராதம் போதும் என்கிறது. நல்ல மனசுதான். ஆனால் இதில் வண்டி எண்ணை முன்பே மாற்ற முடிகிறதே, மீதி ஐந்தையும் செக்கிங்குக்கு முன் திருத்த விட்டிருந்தால் அபராதத்துக்கே வேலை இல்லையே!

எச்.எஸ்.என். விஷயம் திருப்பூருக்கு இன்னும் சிக்கல். டி-ஷர்ட், பனியனுக்கு 6109. அது 6105 (பின்னலாடைச் சட்டை) என்று விழுந்தால், வரி விகிதம் ஒன்றாக இருக்கும்வரை, சின்னத் தவறு. 6209 என்று விழுந்தால்? 62-ஆம் அத்தியாயம் பின்னலாடையே அல்ல. முதல் இரண்டு இலக்கம் மாறியதால் பட்டியலுக்கு வெளியே. 129-ஆம் பிரிவில் வண்டியை நிறுத்த அதிகாரிக்கு வழி கிடைக்கிறது. 2022 முதல் அங்கே அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. 4 லட்ச ரூபாய் லோடுக்கு 5 சதவீத வரி 20,000; அபராதம் 40,000. தப்பியது ஒரே ஒரு இலக்கம்.

ரிட்டர்ன் பக்கமும் இதே கதைதான். வாங்கியவர் ஜி.எஸ்.டி.ஆர்-2 படிவத்தில் தவறைக் காட்ட, அது 1ஏ வழியாக விற்றவருக்குத் திரும்பும் என்பது முதல் திட்டம். 2017-லேயே 2-ஐ நிறுத்திவிட்டார்கள், 1ஏ-வும் போயிற்று. வரியைத் தப்பான கட்டத்தில் காட்டிவிட்ட சன் டை கெம் நிறுவனம் 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் திருத்த அனுமதி வாங்கியது. படிவத்தைத் திறக்காததற்கு வணிகர் நஷ்டப்படக் கூடாது என்றது நீதிமன்றம்.

2024-இல் 1ஏ ஒருவழியாக வந்தது. விற்றவர் தன் தவறைத் தானே கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் அந்த மாத 3பி தாக்கல் செய்வதற்குள். இ-வே பில்லுக்கு அந்த அளவுகூட வரவில்லை.