வள்ளத்தில் ஒரு வைத்தியர்

தங்கூசி வலையில் சிக்கி, மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் மயங்கிப்போன கடலாமை, செத்தது போலவே கிடக்கும். பயின்ற கை அதைக் கடலில் எறியாது. வயிறு கீழாகக் கிடத்தி, பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்தி வைக்கும். நுரையீரலில் புகுந்த நீர் மெல்ல வடியும். மூக்கை மூடாமல் ஈரச்சாக்குப் போர்த்தி, நிழலில் வைத்து, இடையிடையே வாலைத் தொட்டு அசைவு பார்க்கும். உயிர்ப்பு திரும்ப 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் சாகும். மீன்பாடு பார்க்க வேண்டிய நேரத்தில் ஆமைக்காகக் காத்திருக்கும் அந்தப் பொறுமையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

சுப்ரஜா தாரிணி 2002இல் சென்னையில் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றியது. சரியான இடத்தில்தான் தொடங்கினார்கள். இலங்கையின் உடவளவையில் 1995 முதல் தாயிழந்த யானைக்குட்டிகளைப் பால் கொடுத்து வளர்ப்பவர்களும், காட்டுக்குத் திரும்ப வேண்டிய உயிர் என்பதால் அவற்றோடு கொஞ்சிப் பழகுவதில்லை. பாசத்தை அடக்குவதும் பயிற்சிதான்.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கே படகில் ஒரு மணி நேரம். அந்தக் கடலில் அடிபட்ட பேராமைக்கு முதல் வைத்தியர் வள்ளத்தில் நிற்பவரே. அவருக்குப் பயிற்சி வேண்டும், அழைத்தால் பேசும் மிருக வைத்தியர் வேண்டும், ஆமைக்காக அறுத்த வலைக்கு ஈடும் வேண்டும்.