பெயர் நீக்கிய கோப்புகள்: ஆய்வுக்கூட ஆவணங்களை வாசிப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

‘தமிழ் படிச்ச ஆளுக்கு லேபுல என்னய்யா வேலை?’ ஆய்வுக்கூட ஆவணங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இயற்பியல் படித்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். புளூட்டோனியத்தின் பௌதிகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நடப்பது எழுத்து. புரூனோ லத்தூரும் ஸ்டீவ் வுல்கரும் 1979இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதைத்தான். அறியாத இனக்குழுவைப் பார்க்கப்போன மானிடவியலாளரைப்போல லத்தூர் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தார். கருவி கோடு கிழிக்கிறது. உதவியாளர் எண்ணைக் குறிக்கிறார். எண்கள் அட்டவணையாகின்றன, அட்டவணை கட்டுரையாகிறது. கட்டுரை அச்சில் ஏறியதும் முந்தைய படிகள் எல்லாம் மறைந்து ‘உண்மை’ மட்டும் தனியாக நிற்கிறது, யாரும் எழுதாமலே உண்டானதுபோல.

மறைந்த அந்தப் படிகள் எங்கே போகின்றன? சில பெட்டிக்குள் போகின்றன, சில அழிகின்றன. எதை வைப்பது, எத்தனை வருஷம் வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்கு முறை இருக்கிறது. அமெரிக்க அரசு ஆய்வுக்கூடங்களில் காகிதங்களை நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிக்கிறார்கள். தற்காலிகமானதற்குக் கெடு உண்டு. இவற்றின் மேல் ரகசிய முத்திரை வேறு. இந்த வேலையை அலுவலகக் குமாஸ்தா காரியம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இது இலக்கிய வரலாற்றாசிரியன் செய்கிற வேலை. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளைப் பற்றிப் படித்து வளர்ந்த தமிழ் மாணவனுக்கு இதில் பேச இடமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2

இனி ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம்.

1945 ஏப்ரலிலிருந்து 1947 ஜூலைக்குள் அமெரிக்காவில் 18 பேரின் உடம்பில் புளூட்டோனியம் ஏற்றப்பட்டது. ஓக் ரிட்ஜில் ஒருவர், ராச்செஸ்டரில் 11 பேர், சிகாகோவில் 3 பேர், சான்பிரான்சிஸ்கோவில் 3 பேர். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வாளர்களுக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. உள்ளே போன புளூட்டோனியத்தில் எவ்வளவு மலத்திலும் சிறுநீரிலும் வெளியே வருகிறது? இது தெரிந்தால் ஆய்வுக்கூடத் தொழிலாளியின் சிறுநீரைச் சோதித்து, உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆக, நோக்கம் தொழிலாளர் பாதுகாப்பு. இதை நாம் மறக்கக்கூடாது. நல்ல நோக்கம் இல்லாத கொடுமையைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் கோப்புக்குள் நுழைந்தபோது ஆளுக்கொரு குறியீடு கிடைத்தது. ஓக் ரிட்ஜில் கார் விபத்தில் எலும்பு முறிந்து வந்த கறுப்பினச் சிமெண்டுத் தொழிலாளி எப் கேட், எச்பி-12 ஆனார். சான்பிரான்சிஸ்கோவில் மூன்றாவது ஆள் ரயில்வே போர்ட்டர் எல்மர் ஆலன். இவரும் கறுப்பர். 1947 ஜூலை 18 அன்று இடது காலில் ஊசி போட்டார்கள். எலும்பில் புற்றுநோய் என்பது வைத்தியர்களின் கணிப்பு. மூன்று நாள் கழித்து அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். கோப்பில் இவர் கால்-3. கலிஃபோர்னியாவின் ஆங்கில முதல் மூன்று எழுத்து, பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். தமிழில் எழுதினால் இப்படி ஆகிவிடுகிறது. சிலேடை என்னுடையதல்ல.

ஆலனின் கோப்பில் ஒரு சம்மதக் குறிப்பு இருக்கிறது. கதிரியக்கப் பொருளை ஊசிவழி செலுத்துவதன் சோதனைத் தன்மை நோயாளிக்கு விளக்கப்பட்டது, அவர் ஒப்புக்கொண்டார் என்று வைத்தியர்கள் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். புளூட்டோனியம் என்ற சொல் அதில் இல்லை. ஒப்புக்கொண்டவரின் கையெழுத்தும் இல்லை. இதை ஒரு வாக்கியமாக மட்டும் வாசித்துப்பாருங்கள். பேசியவன் ஒருவன், எழுதியவன் வேறொருவன். நாட்டார் வழக்காற்றைச் சேகரித்த வெள்ளைக்கார அதிகாரிகளின் ஏடுகளில் நாம் கேள்வி கேட்டுப் பழகியிருக்கிற இடமல்லவா இது?

இதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஏப்ரல் 17 தேதியிட்ட கடிதம் ஒன்று அணுசக்தி ஆணையத்திலிருந்து ஓக் ரிட்ஜுக்குப் போயிருக்கிறது. எழுதியவர் கர்னல் ஹேவுட். மனிதர்மேல் நடத்திய பரிசோதனைகளைக் குறிப்பிடும் எந்தக் காகிதமும் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கெடுக்குமானால், வழக்குக்கு இடம் கொடுக்குமானால், வெளியே போகக்கூடாது. ரகசியம் என்று முத்திரையிட வேண்டும். சாரம் இதுதான். எதிரி நாட்டைப் பற்றிய பேச்சு இல்லை. கெட்ட பேரும் கோர்ட்டும்தான் பயம். ரகசிய முத்திரை தேசத்தைக் காக்க வந்தது என்கிற சொல்லாடலை அந்த முத்திரை குத்தியவரே ஒரு பக்கத்தில் கட்டவிழ்த்துப் போட்டிருக்கிறார். இந்தக் கடிதமும் ரகசியமாகவே இருந்து 1994இல்தான் வெளியே வந்தது. ஆவணத்தை எப்படி மறைப்பது என்று சொல்லும் ஆவணத்தையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

3

அதிகாரம் மறதியை உண்டாக்குகிறது, நாம் நினைவை மீட்கிறோம் என்று நம் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இந்தக் கோப்புகளைப் பற்றிப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் ஆய்வுக்கூடம் எதையும் மறக்கவில்லை.

1973இல் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் ஒரு மையம் இந்த மனிதர்களைத் தேடியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனபிறகு எலும்பில் எவ்வளவு புளூட்டோனியம் மிச்சமிருக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருந்த சிலரைக் கண்டுபிடித்து அழைத்துப் பரிசோதித்தார்கள். ஆலன் அவர்களில் ஒருவர். என்ன காரணத்துக்காக என்று சொல்லவில்லை. செத்துப்போன சிலரின் சமாதியைத் தோண்டி எலும்பை எடுத்தார்கள். குடும்பங்களுக்குச் சொன்ன காரணம் உண்மையான காரணமல்ல.

யோசியுங்கள். எண் யார், ஆள் யார், எந்த ஊர், எந்தச் சமாதி, எல்லாம் ஆய்வுக்கூடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அங்கே ஆவணக் காப்பு பிரமாதமாக நடந்திருக்கிறது! எண்ணிலிருந்து உடம்புக்குப் போகிற பாதை திறந்தே இருந்தது. உடம்புக்குச் சொந்தக்காரர் தன் எண்ணுக்கு வருகிற பாதைதான் அடைபட்டிருந்தது. கோப்பு ஒருவழிப் பாதை.

ஃபூக்கோ ஆவணத்தைப் பற்றிப் பேசும்போது காகிதக் குவியலைச் சொல்லவில்லை. எதைச் சொல்ல முடியும் என்று தீர்மானிக்கிற விதியைச் சொன்னார். தெரிதா 1994இல் லண்டனில் நிகழ்த்திய உரையில் ஆவணம் என்ற கிரேக்கச் சொல்லின் வேரைத் தேடிப் போய், ஆட்சியாளர்களின் வீட்டைக் கண்டார். சரிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் யார், எப்படி நுழைந்தார்கள்?

4

எய்லீன் வெல்சம் என்ற நிருபர். ஆல்புகர்க்கி ட்ரிப்யூன் என்று ஒரு சிறிய நாளிதழ், 2008இல் மூடப்பட்டுவிட்டது. 1987இல் கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் பரிசோதனை விலங்குகளைப் புதைத்தது பற்றிய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டது. புளூட்டோனியம் மனிதர்களுக்கும் ஏற்றப்பட்டிருக்கிறது என்றது அது. தகவல் சுதந்திரச் சட்டப்படி எரிசக்தித் துறைக்கு மனுப் போட்டார். வந்த காகிதங்களில் பெயர்கள் இல்லை. ஆனால் ஒரு காகிதத்தில் ஊர்ப்பெயர் தப்பியிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் இத்தாலி என்று ஒரு சிற்றூர். அங்கே விசாரித்ததில் கால்-3, எல்மர் ஆலன் ஆனார். அவர் 1991இலேயே இறந்துவிட்டார். வீட்டார் இருந்தார்கள்.

1993 நவம்பரில் வெல்சமின் தொடர் வெளிவந்தது. டிசம்பரில் எரிசக்தித் துறை அமைச்சர் ஹேசல் ஓ’லியரி ரகசியக் காப்பைத் தளர்த்துவதாக அறிவித்தார். 1994 ஜனவரியில் கிளிண்டன் விசாரணைக் குழு அமைத்தார். ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், ராணுவம், ஆய்வுக்கூடம் என்று சிதறிக்கிடந்த காகிதங்களைத் தேடித் தொகுத்து 1995 அக்டோபரில் குழு அறிக்கை தந்தது. ஆக, கோட்பாடு திறக்காத கதவை ஓர் அடிக்குறிப்பும், அடிக்க மறந்த ஊர்ப்பெயரும் திறந்தன. நம்மைப்போன்றவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

நோயாளியின் பெயரை மறைப்பது அவருக்கான பாதுகாப்பு அல்லவா என்று கேட்கலாம். ஆமாம், பொதுவாக அதுதான் முறை. எனக்கு வியாதி என்றால் என் கேஸ் பேப்பரை ஊரார் படிக்க நான் விடமாட்டேன். ஆனால் பாதுகாக்கப்பட்டவருக்கே தெரியாத பாதுகாப்பு யாருக்கானது? மகளிடம் பொய்க் காரணம் சொல்லி அப்பாவின் எலும்பைத் தோண்டலாம், நிருபரிடம் மட்டும் அந்தரங்கம் பேசலாம் என்றால், அந்த அந்தரங்கம் நிறுவனத்துடையது.

5

இந்த இடத்தில் எனக்குக் குறுந்தொகை ஞாபகம் வருகிறது. தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், எண் கொடுத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு சொல்லை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள், அணிலாடு முன்றிலார் என்றார்கள், மீனெறி தூண்டிலார் என்றார்கள். கூடவே மரியாதைக்கு ஓர் ‘ஆர்’. பெயர் தொலைந்த இடத்தில், அவன் சொன்னதையே அவனுக்குப் பெயராக்கியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடமோ பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைக் கொடுத்தது. 18 பேரில் ஒருவரும் என்ன சொன்னார் என்று அந்தக் கோப்புகளுக்குத் தேவைப்படவில்லை. அவர்களுடைய சிறுநீர் தேவைப்பட்டது. பழைய தொகுப்பாளரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவர்கள் விட்டதும் கழித்ததும் எவ்வளவோ. தொகுப்பவன் பெயரில்லாதவனை என்ன செய்கிறான் என்பதில் அவனுடைய அரசியல் முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

6

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அணு ஆயுத உற்பத்தியில் வேலைபார்த்து நோயுற்றவர்களுக்கு நஷ்டஈடு தர 2000இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. கதிர்வீச்சால் புற்றுநோய் வந்தது என்று ஏற்கப்பட்டால் 1,50,000 டாலர். எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணக்கிட வேண்டும். பதிவு இல்லாவிட்டால்? தொழிலாளி அணிந்திருந்த பேட்ஜ் அளவு எழுதப்படாமலே இருந்தால்? சட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது. கணக்கிட முடியாத தொழிலாளர் தொகுதிகளைத் தனிப் பிரிவாக அறிவிக்கலாம். அந்தப் பிரிவில் உள்ளவருக்குக் குறிப்பிட்ட 22 புற்றுநோய்களில் ஒன்று வந்தால் அளவை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆவணம் இல்லாமல் போனதன் சுமை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கி, அதை வைத்திருக்க வேண்டியவன் தலையில் ஏறியது. நூறு கோட்பாட்டுக் கட்டுரைகளைவிட இந்த ஒரு விதி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். லேபில் தமிழ் படித்தவனுக்கும் வேலை இருக்கிறது, தொழிற்சங்கக்காரருக்கும் இருக்கிறது. இயக்கங்களில் இருக்கிறவர்கள் ‘உண்மையை வெளியிடு’ என்று கோஷம் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அத்தோடு போதாது. எந்தப் பதிவேட்டை எத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். என் எண் என்ன, அதைப் பார்க்க எனக்கு எந்தக் கதவு என்று கேட்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் ஆவணக் காப்பில் அழித்ததற்கும் ஒரு பதிவு உண்டு, தேதியோடு, கையெழுத்தோடு. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.