அடக்கும் மருந்து, ஆறாத நோய்

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும், ஒரு குழந்தை பெத்தா வலியெல்லாம் ஓடிடும்." மாதவிடாய் நாட்களில் சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் பாட்டி சொல்லும் ஆறுதல் இது. வேடிக்கை என்னவென்றால், அந்த வலிக்கு ஒரு காரணமான எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்கான ஹார்மோன் சிகிச்சையும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான் வளர்ந்தது. 1950களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கிஸ்ட்னர் ஹார்மோன்களை இடைவிடாமல் கொடுத்து, உடலைக் கர்ப்பம் போன்ற நிலையில் வைத்து நோயை அடக்கப் பார்த்தார். மாதவிலக்கு நின்றால் பலருக்கு வலி குறைகிறது என்ற மட்டில் பாட்டி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அந்த வலி திரும்பி வரும் என்பதைப் பாட்டி சொல்வதில்லை. சில மருத்துவர்களும் சொல்வதில்லை.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல், சிறுநீர்ப்பை மேலும் படர்ந்து வளர்வதுதான் இந்த நோய். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதற்குத் தீனி. மாதாமாதம் அந்தத் திசுவிலிருந்து கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் அழற்சியாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. சினைப்பைக்குள் தேங்கிப் பழுப்புக் கூழாகத் திரண்டால் ஸ்கேன் அறையில் அதைச் 'சாக்லேட் சிஸ்ட்' என்பார்கள். உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, அதாவது இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ஹார்மோன் மருந்துகள் இந்தத் தீனியைக் குறைக்கின்றன. கருத்தடை மாத்திரை, டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின்கள், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு ஊசி என வகைகள் பல. பெரும் நன்மை, வயிற்றைத் திறக்காமலே வலியைக் கட்டுப்படுத்தலாம் என்பது. வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியைச் செய்துவிட்டுத்தான் மருந்து என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் ஏற்கிறது. நோயைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும் சூழலில் இது பெரிய வரம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டி மீண்டும் முளைக்காமல் தடுப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

குறை எங்கே? முதலில், ஏற்கெனவே இறுகிப்போன தழும்பையும் ஒட்டுதலையும் எந்த ஹார்மோனும் பிரிக்காது. புரோஜெஸ்டினுக்கு மசியாத திசுவும் உண்டு. தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறனும் அதற்கு இருக்கிறது. அதனால்தான் ஒரே மாத்திரை ஒருத்திக்கு அமுதமாகவும் இன்னொருத்திக்கு வெறும் செலவாகவும் முடிகிறது. ஊசி மருந்தின் கணக்கு வேறு. முதல் ஓரிரு வாரம் ஈஸ்ட்ரோஜன் ஏறி வலி கூடலாம். பிறகு அடியோடு இறங்கி, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மெனோபாஸ் சூடும் வியர்வையும் வரும், எலும்பும் தேயும். சிறிதளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பாதிப்பு குறையும். அப்படிச் சேர்க்காமல் ஊசியை மட்டும் மாதக்கணக்கில் நீட்டுவது நல்ல மருத்துவம் அல்ல.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது, மருத்துவம் சிறியது என்று ஒதுக்கும் ஒரு பக்கவிளைவு. டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரையை நாள் தவறாமல், இடைவெளியே விடாமல் விழுங்க வேண்டும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக உதிரப்போக்கு இருக்கலாம். மருந்துக் குறிப்பில் அது ஒரு வரி. தீட்டு பார்க்கும் வீட்டில் அப்படியல்ல: மூன்று நாள் ஒதுங்கியிருந்தவள் இப்போது மூன்று வாரம் பூஜை அறைப் பக்கம் போக முடியாது, கோவில் இல்லை, விசேஷ வீடு இல்லை. அவள் மாத்திரையை நிறுத்துகிறாள். மருத்துவர் கோப்பில் 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதுகிறார். உதிரம் போகப்போகக் குறையும் என்று முதல் நாளே இரண்டு நிமிடம் பேசியிருந்தால் பலர் நிறுத்தியிருக்க மாட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணின் கைப்பையில் கருத்தடை மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்கும் கேள்விக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம்.

வலி அடங்கியதால் நோய் அடங்கிவிட்டது என்றும் எண்ணக் கூடாது. சிறுநீர்க்குழாயை நெரிக்கும் எண்டோமெட்ரியோசிஸ் வலியே காட்டாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மாத்திரையில் சுகமாக இருப்பவருக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, குழந்தைக்காக வந்தவளுக்கு 'ஆறு மாசம் இதைச் சாப்பிடுங்க, அப்புறம் பார்க்கலாம்' என்று எழுதிக் கொடுப்பது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை கருமுட்டை வெளிவருவதையே தடுப்பவை; நிறுத்திய பின் கருத்தரிப்பு கூடுவதும் இல்லை. கருத்தரிப்புக்காக இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அதே 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. முப்பத்தைந்தைத் தொட்ட ஒருத்திக்கு அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

ஆகவே, இப்போது பிள்ளை வேண்டாம், வலி தீர்ந்தால் போதும் என்பவருக்கு ஹார்மோன் சிகிச்சை நல்ல முதல் வழி, அதுவும் நீண்ட நாள் துணையாக. பிள்ளை வேண்டும் என்பவருக்கு அது தவறான பாதை. எது வேண்டும் என்று மருத்துவர் அவளிடமே கேட்க வேண்டும். கூட வந்த மாமியாரிடம் அல்ல.