உயரம் என்ற சௌகரியம்

சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை நம் சினிமா ஒரு விலாசமாகவே உபயோகித்தது. கிராமத்தான் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல அண்ணாந்து ஒரு ஷாட் போதும். சினிமாவுக்கு அவசரம்; அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவசரம் ஏதுமற்ற புதுக்கவிதையும் அதே அண்ணாந்த பார்வையோடு நின்றுபோனதுதான் என் புகார். மாடிக் கட்டடம் என்றால் நகரம், நகரம் என்றால் அந்நியமாதல். இது படிமமல்ல, ரப்பர் ஸ்டாம்ப்.

உயரம் 177 அடி. 1959இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமானது. இன்று சென்னையிலேயே அதை மிஞ்சியவை பல. உயரம்தான் அதன் அர்த்தம் என்றால் அந்த அர்த்தம் என்றோ காலாவதியாகிவிட்டது. ஆனால் அதன் சரித்திரம் வேறு. யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அதைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1954இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. தனி மனிதர் தொடங்கியதை அரசுக் கார்ப்பரேஷன் முடித்தது. 1975இல் தீப்பற்றியது. பிறர் மரணத்தைக் கணக்கிடும் தொழில் தன் முதலாளியின் மரணத்தின்மேல் எழுந்து நிற்கிறது. அண்ணாந்து பார்ப்பவனுக்கு இது தெரிய வழியில்லை.

நான் உள்ளே போயிருக்கிறேன். பாங்குக் குமாஸ்தாவுக்கு அங்கே அந்நியமாக ஒன்றுமில்லை. மேஜைகள், ஃபைல்கள், மரணச் சான்றிதழை மடித்துப் பிடித்தபடி காத்திருக்கும் ஒரு பெண். எந்த இடத்தில் கையெழுத்து என்பதுதான் அவள் கேள்வி. நம் கவிதை இந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மரணத்துக்கு முன்கூட்டி இடம் ஒதுக்கிய இன்னொரு இடம் எங்கள் பக்கத்தில், சித்தன்னவாசலில் இருக்கிறது. ஓவியம் பார்க்க வருகிறவர்களில் பலர் ஏழடிப்பட்டம் ஏறுவதில்லை. பாறையில் கால் பதிக்க வெட்டிய குழிகளைத் தாண்டிப் போனால் குகைக்குள் 17 கற்படுக்கைகள், கல்லிலேயே தலையணை. சமணத் துறவிகள் தவமிருந்த இடம். உண்ணாமல் உயிர்விட்டவர்களும் உண்டு என்று கருதப்படுகிறது. ஒரு படுக்கையருகே ஈராயிரம் வருஷத் தமிழ் பிராமி எழுத்து. படுக்கை யாருக்கு, செய்தவர் யார், எந்த ஊர் என்பதைச் சொல்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒரு நாமினேஷன் பாரம்.

அதை வெட்டியவன் மலையின் உயரத்தைப் பாடவில்லை. படுக்கப் போகிறவன் பெயரை எழுதினான். மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் மாடிகளை எண்ணுவதை விட்டு, உள்ளே ஒரு ஃபைலின்மேல் உள்ள பெயரையாவது படித்துவிட்டு எழுதட்டும்.